உதவி: 11:30 மணிக்குக் கோட்டை நுழைவு, 9 மணிக்குப் பிறகே செல்லும் டிக்கெட், அம்மாவுக்கு முழங்கால் வலி

இசார்கரை:

வணக்கம். நாங்க முனிக்கில் இருக்கோம். மே 12 அன்று அப்பா (71), அம்மா (66), சித்தி (60) மூணு பேரும் மதுரையிலிருந்து வர்றாங்க. 30-ம் தேதி திரும்புறாங்க. நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையைப் பார்க்கணும்னு அப்பாவுக்கு ரொம்ப ஆசை. மே 20, புதன்கிழமை, காலை 11:30 நுழைவுக்கு அஞ்சு டிக்கெட் எடுத்தாச்சு.

ரயிலுக்கு பையர்ன்-டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்குள்ள வட்டார ரயில்ல குழுவா போற ஒரு நாள் டிக்கெட்) எடுக்கலாம்னு இருந்தோம். இப்பத்தான் கவனிச்சேன், வார நாள்ல காலை 9 மணிக்கு மேலதான் அது செல்லுமாம். 9 மணிக்கு மேல கிளம்பினா கோட்டைக்குப் பக்கத்து ஊரான ஃபியூசன் போய்ச் சேரவே 11 தாண்டிடும். கோட்டை நேரம் தவறிப்போச்சுன்னா உள்ளே விட மாட்டாங்கன்னும் போட்டிருக்கு.

அம்மாவுக்கு ரெண்டு முழங்கால்லயும் தேய்மானம். சமதளத்துல ஒரு கிலோமீட்டர் நிதானமா நடப்பாங்க. ஏறுறதைவிட இறங்குறதுதான் சிரமம். மூணு பேருமே சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டாங்க. எனக்கும் கணவருக்கும் டாய்ச்லாந்து-டிக்கெட் (ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், பஸ்ஸுக்கான மாத டிக்கெட்) இருக்கு.

எதை மாத்தணும்? கோட்டை நேரத்தையா, ரயிலையா, இல்ல நாளையேவா?

தண்டவாளம்:

கோட்டை நேரத்தில் கை வைக்க வேண்டாம். மாற்ற வேண்டியது ரயில் டிக்கெட்டை மட்டும்.

உங்கள் இருவருக்கும் டாய்ச்லாந்து-டிக்கெட் இருப்பதால் மூன்று பேருக்குத்தான் கணக்கு. அவர்களுக்கும் மே மாதத்துக்கு அதையே எடுத்துவிடுங்கள். 2026 ஜனவரியிலிருந்து ஒருவருக்கு 63 யூரோ, மூவருக்கு 189. இதற்கு 9 மணிக் கட்டுப்பாடு கிடையாது. முனிக்கின் யு-பான் (சுரங்க ரயில்), எஸ்-பான் (புறநகர் ரயில்), டிராம், பஸ், வட்டார ரயில்கள், ஃபியூசனிலிருந்து கோட்டை அடிவாரம் போகும் 73, 78 எண் பஸ்கள் எல்லாம் இதில் அடக்கம். ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. என்ற நெடுந்தொலைவு விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. பதினெட்டு நாளில் மூன்று நான்கு வெளியூர்ப் பயணமும் அன்றாடம் ஊருக்குள் சுற்றலும் இருந்தால் இதுவே லாபம்.

பலர் பணத்தை விடும் இடம் ஒன்று உண்டு. இது 30 நாள் டிக்கெட் அல்ல, காலண்டர் மாதச் சந்தா. மாதக் கடைசியோடு நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். அவர்கள் வந்து இறங்கிய பிறகு மே 12-ல் வாங்கினால் கெடு ஏற்கெனவே முடிந்திருக்கும். ஜூனுக்கும் இன்னொரு 189 யூரோ போய்விடும். ஆகவே மே 1-ல் தொடங்கும்படி இப்போதே வாங்கி, மே 10-க்குள் ரத்து செய்து, ரத்துக்கான உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். பணத்தை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கட்டலாம். பெயர் மட்டும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, பயணிப்பவர் பெயரில் இருக்க வேண்டும்.

டிக்கெட் அவரவர் ஃபோனில் இருக்க வேண்டும். அம்மாவிடம் ஸ்மார்ட்ஃபோன் இல்லையென்றால் சிப் கார்டு தரும் நிறுவனமாகப் பார்த்து வாங்குங்கள். கார்டு தபாலில்தான் வரும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

பையர்ன்-டிக்கெட்டையே வைத்துக்கொள்ள விரும்பினாலும் வழி இருக்கிறது. 9 மணிக்குப் பிறகு ரயில் நிற்கும் முதல் நிலையம் வரை சாதாரண டிக்கெட், அங்கிருந்து பையர்ன்-டிக்கெட். ரயிலை விட்டு இறங்க வேண்டியதில்லை. பயணிகள் பெயர்களை அதில் எழுத மறக்காதீர்கள். ஆனால் முனிக்கிலிருந்து 7 மணி ரயிலில் போனால் 9 மணிக்கு ஃபியூசனுக்கே வந்திருப்பீர்கள். உங்கள் விஷயத்தில் இது உதவாது.

நேரக் கணக்கு: முனிக்–ஃபியூசன் சுமார் 2 மணி நேரம். சில ரயில்கள் நேராகப் போகும், சிலவற்றில் பூக்லோவே அல்லது காஃப்பொய்ரனில் மாற வேண்டும். ஃபியூசனிலிருந்து பஸ் 10 நிமிடம்தான். கோட்டை டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பே அடிவாரமான ஹோஹென்ஷ்வாங்காவில் இருக்கும்படி ரயிலைத் தேர்ந்தெடுங்கள். ரயில் மணிக்கு ஒன்றுதான். ஒன்று ரத்தானாலும் அடுத்ததில் வந்து நுழைவைப் பிடிக்க அந்த இடைவெளி வேண்டும்.

மலையடி:

ரயில் விஷயம் சரியாகச் சொல்லப்பட்டுவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு நான் சொல்கிறேன். அவரைக் கோட்டைக்குள் அழைத்துப் போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

உள்ளே வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும். சுமார் அரை மணி நேரம். அதற்குள் 165 படி ஏற்றம், 181 படி இறக்கம். குழு நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்வது கடினம். லிஃப்ட் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, உறுதி கிடைத்த பிறகே நம்புங்கள்.

மேலே போக மூன்று வழி. நடந்தால் 30 முதல் 40 நிமிடம், தொடர் ஏற்றம். குதிரை வண்டியில் போனால் கோட்டை வாசல் வரை விடாது. கடைசி சில நூறு மீட்டர் ஏற்றத்தை நடந்தே தீர வேண்டும். பஸ் மரியன்பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும், ஆனால் அங்கிருந்து கோட்டைக்குச் சுமார் கால் மணி நேரம் செங்குத்தான இறக்கம். "பஸ்ஸில் போனால் நடையே இல்லை" என்று பலர் சொல்வதை நம்பி முழங்கால் வலிக்காரர்களை இந்த இறக்கத்தில்தான் மாட்டிவிடுகிறார்கள். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்கால் மூட்டுக்குச் சுமை அதிகம்.

அம்மாவுக்குப் பொருத்தமான வழி இது. பஸ்ஸில் மேலே போய், சில நிமிடம் நடந்து பாலத்தில் நின்று கோட்டையைப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் கீழே திரும்பிவிடலாம். எல்லாப் படங்களிலும் வரும் காட்சி அந்தப் பாலத்திலிருந்து தெரிவதுதான். அதற்குக் கோட்டை டிக்கெட்டும் தேவையில்லை. பஸ்ஸுக்கு இருவழி டிக்கெட் எடுங்கள். டாய்ச்லாந்து-டிக்கெட் இதில் செல்லாது. பனியும் உறைபனியும் இருந்தால் பஸ்ஸும் ஓடாது, பாலத்தையும் மூடிவிடுவார்கள். மே கடைசியில் அந்தப் பயம் குறைவு, ஆனாலும் அன்று காலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் உங்கள் கணவரும் உள்ளே போகட்டும். மற்றவர்கள் கீழே ஆல்ப்ஸே ஏரிக்கரையில் இருக்கலாம். ஏரியின் முன்பக்கம் சமதளம், பெஞ்சுகள் உண்டு. முதுகுப்பை, பெரிய பை எதையும் கோட்டைக்குள் அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் சாப்பாட்டுப் பையோடு ஒருவர் வெளியே இருப்பது நல்லது. அங்கே சந்தித்துக்கொள்ள இடத்தையும் நேரத்தையும் முன்பே பேசிவிடுங்கள்.

இசார்கரை:

ரொம்ப நன்றி. சித்தி உள்ளே போகத் தயார், அவங்களுக்கு முழங்கால் பிரச்சினை இல்லை. சாப்பாடு எப்படி? அங்கே ஓட்டல்ல சைவம் கிடைக்குமா? அரண்மனை உள்ளே பார்த்த மாதிரி அம்மாவுக்கும் வேற எங்கயாவது வாய்ப்பு உண்டா?

வடக்குவீதி (ஹாம்):

சாப்பாட்டுக்கு நான் எழுதுறன். "வெகெட்டாரிஷ்" (சைவம்) எண்டு மெனுவில போட்டிருந்தாலும் அதுக்குள்ள முட்டை இருக்கலாம். கேஸ்ஷ்பெட்ஸ்லே (சீஸ் போட்ட நூடுல்ஸ்) இறைச்சியில்லாத சாப்பாடுதான், ஆனா அந்த மாவை முட்டை போட்டுத்தான் குழைப்பினம். தெற்கில உருளைக்கிழங்கு சாலட்டுக்கு இறைச்சி அவிச்ச தண்ணி விடுறது வழக்கம். பருப்பு சூப்புக்குள்ள பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும். சிவப்புக் கோவாவை (முட்டைக்கோஸ்) சில இடத்தில வாத்துக்கொழுப்பில வேகவைப்பினம். முறுக்கு மாதிரிச் சுத்தின ரொட்டியான பிரெட்செலிலயும் சிலர் பன்றிக்கொழுப்பு சேர்ப்பினம், பேக்கரியில கேட்டு வாங்குங்கோ.

"சைவம்" எண்டு மட்டும் சொல்லாமல் இப்பிடிக் கேளுங்கோ: "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ், ஓனே ஐ, ஓனே ஃப்ளைஷ்ப்ரூயே." இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு இல்லாமல் எண்டு அர்த்தம், கடைசிச் சொல்லுத்தான் முக்கியம். இல்லாட்டி மெனுவில "வேகான்" எண்டு போட்டதை எடுங்கோ, முட்டைப் பயமே இல்லை. மிட்டாயும் சில தயிர் இனிப்புகளும் வாங்கேக்க ஜெலட்டின் இருக்கோ எண்டு பாருங்கோ. பார்மேசான் சீஸ் கன்றுக்குட்டியின்ர இரைப்பை நொதியில செய்யிறது, அதைச் சேர்க்காதேங்கோ.

கோட்டை போற நாளுக்குப் புளிச்சாதம்தான் நல்லது. தயிர்ச்சாதம் எண்டால் பால் கூட விட்டு, தயிர் கொஞ்சமா விட்டுப் பிசையுங்கோ, மத்தியானத்துக்குள்ள புளிக்காது. குழாய்த் தண்ணி குடிக்கலாம், வீட்டிலயே போத்தலில நிரப்புங்கோ. ஃபியூசனில இறங்க முதல் ரயிலுக்குள்ளயே டாய்லெட் போயிடுங்கோ. வெளியில சில்லறைக் காசு வேணும்.

மே 14 வியாழன் ஜெர்மனி முழுக்க விடுமுறை, கடையள் பூட்டு. 17-ம், 24-ம் ஞாயிறு, 25-ம் திங்களும் அப்பிடித்தான். அரிசி, பருப்பு, மரக்கறி எல்லாம் 13-ம் தேதியே வாங்கி வையுங்கோ.

கோயிலுக்குப் போக ஆசைப்பட்டினம் எண்டால் இஞ்ச ஹாம்-உவென்ட்ரொப்பில காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு. 2002-ல கும்பாபிஷேகம் நடந்தது, ராஜகோபுரம் 17 மீட்டர். முனிக்கிலிருந்து வட்டார ரயிலில வர ஏலாது, முழு நாளும் போயிடும். ஐ.சி.இ.-யில வந்து ஒரு இரவு தங்கிப் போங்கோ.

மலையடி:

அம்மாவுக்கு ஏரித் தீவில் இருக்கும் ஹெரென்கீம்ஸே அரண்மனை நல்ல இடம். நொய்ஷ்வான்ஷ்டைனைக் கட்டிய அதே மன்னர் இரண்டாம் லூட்விக், பிரான்சின் வெர்சாய் அரண்மனையைப் பார்த்துக் கட்டத் தொடங்கியது. அங்கேயும் கண்ணாடிக்கூடம் உண்டு. முனிக்கிலிருந்து ப்ரீன் வரை வட்டார ரயில், பிறகு படகு. தீவில் சமதளப் பாதை, கோடையில் குதிரை வண்டியும் ஓடும். படகுக்குத் தனிக் கட்டணம். ஊருக்குள்ளேயே என்றால் 17 எண் டிராமில் நிம்ஃபென்பூர்க் அரண்மனை. பூங்கா முழுக்கச் சமதளம்.

முனிக்கின் மையச் சதுக்கமான மரியன்பிளாட்ஸில் காலை 11, 12 மணிக்கும் மார்ச் முதல் அக்டோபர் வரை மாலை 5 மணிக்கும் மணிக்கூண்டுப் பொம்மைகள் ஆடும். மேலிருந்து ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் பீட்டர் தேவாலயக் கோபுரம் வேண்டாம், 306 படி. எதிரே நகராட்சிக் கட்டடக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. வெளியூர்ப் பயணத்துக்கு மறுநாள் ஊருக்குள் இப்படி ஏதாவது ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வீங்கினால் அடுத்த மூன்று நாளும் வீட்டிலேயே போய்விடும்.

இசார்கரை:

திட்டம் இப்படி மாறிடுச்சு: மூணு பேருக்கும் மே மாத டாய்ச்லாந்து-டிக்கெட், அம்மாவுக்கு சிப் கார்டு, மே 5 அன்றே ரத்து. 20-ம் தேதி 7 மணிக்கு முந்தைய ரயில். 9:30 வாக்கில் எல்லாரும் சேர்ந்து பஸ்ஸில் பாலம், அங்கிருந்து அப்பா, சித்தி, கணவர் மூணு பேரும் இறங்கிக் கோட்டைக்கு. நானும் அம்மாவும் பஸ்ஸில் கீழே வந்து ஏரிக்கரை. எங்க ரெண்டு பேர் நுழைவு வீணாகுது, பரவாயில்ல. 23-ம் தேதி ஹெரென்கீம்ஸே. ஏதாவது விட்டுப்போச்சா?

தண்டவாளம்:

இரண்டு விஷயம். டாய்ச்லாந்து-டிக்கெட் புகைப்பட அடையாளத்தோடுதான் செல்லும். மூவரும் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், நகல் போதாது. ஆஸ்திரியாவின் சால்ட்ஸ்பூர்க் வரைகூட இதே டிக்கெட்டில் போகலாம்; எல்லையில் சோதனை இருக்கும், அங்கும் பாஸ்போர்ட் வேண்டும்.

பிறகு, திரும்பும் நேரம். மதியத்துக்குப் பின் அடிவாரத்திலிருந்து ஃபியூசன் போகும் பஸ்களில் நெரிசல் அதிகம், நின்றுகொண்டே போக நேரும். கோட்டைக்குள் போனவர்கள் 12 மணிக்கு வெளியே வந்து நடந்து இறங்கினால் 12:45-க்குள் கீழே இருப்பார்கள். ஏரிக்கரையில் சாப்பிட்டுவிட்டு 2 மணிக்குள் பஸ் ஏறிவிட்டால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.