பேக்லோஃபென் எடுப்பவர்களிடம் ஓர் உதவி

வணக்கம். தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து என் அண்ணனுக்கு இரண்டு கால்களிலும் கடும் இறுக்கம். சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது முட்டி விறைத்துக்கொள்ளும், பாதம் மிதிபலகையில் நிற்காமல் உதறும். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை 10 மி.கி. மூன்று வேளை தருகிறோம். இறுக்கம் நன்றாகவே தளர்ந்திருக்கிறது. ஆனால் மதிய மாத்திரைக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம், பிசியோதெரபிக்கு உட்காரவே முடிவதில்லை.

"ரெண்டு நாள் நிறுத்திப் பாரேன்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். இதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பி இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் பார்க்கிறோம்.

அடுத்த வாரம் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். உங்களுக்கு இந்தத் தூக்கம் நாளடைவில் குறைந்ததா? மாத்திரை நேரத்தை மருத்துவர் மாற்றிக் கொடுத்தாரா? இதே இறுக்கத்துக்குத் தரும் டிசானிடின் என்ற வேறு மருந்துக்கு மாறியவர்களுக்கு இரத்த அழுத்தம் இறங்கியதா? அப்புறம், இறுக்கம் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண் தவிர வேறு என்னவெல்லாம் பார்ப்பீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், மருத்துவரிடம் கேட்க எழுதி வைத்துக்கொள்கிறேன்.