டிராஃபிக்ல சூடேறுது, உடனே டேஷ்போர்டு முழுக்க விளக்கு: 2004 ரேஞ்ச் ரோவர் 4.4, யாராவது வழி சொல்லுங்க

தென்காசி_ஷார்ஜா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

வண்டி 2004 ரேஞ்ச் ரோவர், 4.4 லிட்டர் வி8 பெட்ரோல். ஜாகுவார் எஞ்சின் வர்றதுக்கு முன்னாடி, பிஎம்டபிள்யூ எஞ்சினோட வந்தது. 2,31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. என் கைக்கு வந்து மூணு வருஷம். ஷார்ஜாவுல கட்டட சைட் சூப்பர்வைசர் நான். சின்ன வயசுல குற்றாலம் சீசனுக்கு வர்ற பெரிய வண்டிகளை வாய் பொளந்து பார்த்த ஆசை, அம்பது வயசுல வந்து உட்கார்ந்திருக்கு. வாங்கின விலையில பாதிதான் இன்னைக்கு வரைக்கும் வீட்டுக்குத் தெரியும்.

பிரச்சினை இதுதான். சாயந்தரம் ஆறு மணிக்கு அல் இத்திஹாத் ரோட்டுல துபாய்லேர்ந்து ஷார்ஜா வர்றேன். அந்த நேரத்துல அந்த ரோடு எப்படி இருக்கும்னு இங்க உள்ளவங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஏசி ஃபுல்லா ஓடுது. இருபது நிமிஷம் ஊர்ந்ததும் டெம்பரேச்சர் முள்ளு நடுவுலேர்ந்து மெல்ல ஏறுது. ஏசியில சூடான காத்து வருது. அதுக்கப்புறம் ரெண்டு நிமிஷத்துல 'சஸ்பென்ஷன் இன்ஆக்டிவ்'னு எழுத்து. பின்னாடியே எச்டிசி (சரிவுல இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்துற வசதி), அதுக்குப் பின்னாடி கியர்பாக்ஸ் ஃபெயில்சேஃப் (கோளாறுன்னு கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாத்திக்கிற நிலை). பேட்டரி விளக்கு மங்கலா மினுக்குது. ரோடு காலியாகி 80ல போனா முள்ளு தானா இறங்கிடுது. ஓரங்கட்டி அணைச்சுட்டு பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா ஒரு விளக்கும் இல்ல, பச்சப்பிள்ளை மாதிரி நிக்குது.

வாரத்துக்கு அரை லிட்டர் கூலண்ட் குறையுது. ஆனா பார்க்கிங்ல ஒரு சொட்டு கிடையாது. அடியில அட்டைப்பெட்டியை விரிச்சு வச்சு மூணு ராத்திரி பார்த்தாச்சு. அட்டை காய்ஞ்சுதான் கிடக்கு.

சனையாவுல (கராஜ்கள் இருக்கிற தொழிற்பேட்டை) ஒரு கராஜ்ல இதுவரைக்கும் புது பேட்டரி, புது தெர்மோஸ்டாட் போட்டு, ரேடியேட்டரைக் கழட்டிக் கழுவினாங்க. ஒண்ணும் மாறல. இப்ப அவங்க, "ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில இருக்கிற அடைப்பு) போயிடுச்சு, பிரிக்கிறதுக்குப் பதிலா எஞ்சினையே மாத்திடலாம், ஸ்க்ராப்ல 6,500 திர்ஹாமுக்கு ஒண்ணு இருக்கு"ங்கிறாங்க. பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன், சஸ்பென்ஷனுக்குக் காத்தடிக்கிற கம்ப்ரஸர்தான் கரண்டை உறிஞ்சுதுன்னு சத்தியம் பண்றார். ஒருத்தருக்குத் தண்ணி மட்டும் கண்ணுக்குத் தெரியுது, இன்னொருத்தருக்கு வயர் மட்டும். நடுவுல என் பர்ஸ். அடுத்த மாசம் முல்கியா (வண்டிப் பதிவு) முடியுது, பாசிங் (வண்டி டெஸ்ட்) போகணும்.

மணல்பிரியன் எழுதியது:

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எஞ்சின் போட வச்சிருக்கிற காசோட இந்த வண்டியை வித்த காசையும் சேர்த்து ஒரு பழைய லேண்ட் குரூஸர் எடுத்துருங்க. நான் அப்படித்தான் தப்பிச்சேன். வெள்ளிக்கிழமை டெசர்ட்டுக்குப் போனா, கயிறு கட்டி இழுக்கிற இடத்துல நான் இருக்கேன். முன்னாடி இழுபடுற இடத்துல இருந்தேன்.

மஸ்கட்_மேஸ்திரி எழுதியது:

மணல்பிரியன் சொல்றது வண்டி வாங்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய புத்தி. இப்ப இருக்கிற வண்டியைப் பார்ப்போம். நான் நாகர்கோவில்காரன், மஸ்கட்ல பட்டறையில இருக்கேன், இந்த எஞ்சின் பல தடவை கையில பட்டிருக்கு.

தென்காசி அண்ணே, எஞ்சினை மாத்தச் சொன்னவர் ஹெட் போயிடுச்சுன்னு எதை வச்சுச் சொன்னார்? டெஸ்ட் எடுத்தாரா? நீல மருந்து ஊத்தின குழாயை கூலண்ட் டேங்க் வாயில வச்சு, எஞ்சின் ஓடும்போது அந்தக் காத்தை அதுக்குள்ள இழுக்கணும். எரிஞ்ச வாயு கலந்திருந்தா நீலம் மஞ்சளாகும். அஞ்சு நிமிஷ வேலை. அதைப் பண்ணாம எஞ்சின் விலை பேசறவங்ககிட்ட வண்டியை விடாதீங்க. இன்னொண்ணு, ஹெட் போன வண்டி 80ல போனா பெரும்பாலும் இன்னும் மோசமாத்தான் ஆகும். உங்களுது ஓட ஓடக் குளிருது, நின்னாத்தான் கொதிக்குது. காத்து போதலைன்னு வண்டியே சொல்லுது. முதல்ல ஃபேனைப் பாருங்க.

எஞ்சினோட சுத்துற பெரிய ஃபேன் நடுவுல விஸ்கஸ் கப்ளிங் இருக்கும். சூடானா உள்ள இருக்கிற சிலிக்கான் எண்ணெய் இறுகிப் பிடிச்சு ஃபேனை வேகமா சுத்த வைக்கும். வண்டியை நல்லா சூடாக்கி, அணைச்சு, சாவியை எடுத்துட்டு கையால சுத்திப் பாருங்க. குழம்புல கரண்டி சுத்துற மாதிரி கனமா இருக்கணும். விட்டதும் நாலு சுத்து சுத்துச்சுன்னா கப்ளிங் செத்துப்போச்சு. ஏசி கண்டென்ஸருக்கு முன்னாடி இருக்கிற எலக்ட்ரிக் ஃபேன்ல மட்டும் விரலை விடாதீங்க, அது எஞ்சின் அணைஞ்ச பிறகும் தானா கிளம்பும்.

இப்ப கரண்ட் பக்கம். உங்க கராஜும் எலக்ட்ரீஷியனும் சண்டை போடுறதுக்கு நடுவுல ரெண்டு பேருமே பார்க்காத ஒரு சாமான் இருக்கு. இந்த எஞ்சின்ல கரண்ட் உற்பத்தி பண்ற ஆல்டர்னேட்டருக்குக் காத்துக் குளிர்ச்சி கிடையாது. ஒரு அலுமினியக் கூட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கும், அதைச் சுத்தி கூலண்ட்தான் ஓடும். தண்ணி குறைஞ்சா, தண்ணி கொதிச்சா, முதல்ல வேகறது அதுதான். தண்ணி வத்தின இட்லிப் பானையில துணி கருகற கதை. வெந்த ஆல்டர்னேட்டர்ல கரண்ட் உற்பத்தி விழும். வோல்டேஜ் விழுந்தா சஸ்பென்ஷன், எச்டிசி, கியர்பாக்ஸ்னு ஒவ்வொரு கம்ப்யூட்டரா கையைத் தூக்கும். எலக்ட்ரிக் ஃபேனும் சோம்பேறியாகும், அதனால இன்னும் சூடு. சுத்திச் சுத்தி அதே வட்டம்.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க, சாதாரணமானது போதும். ஆறின எஞ்சின்ல, ஐடில்ல (ஆக்ஸிலரேட்டரை அமுக்காம எஞ்சின் ஓடும்போது), ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு பேட்டரி முனையில வோல்டேஜ் எவ்வளவு? நல்லா சூடேறின பிறகு அதே இடத்துல எவ்வளவு? அதே லோடோட ஒரு முனையை எஞ்சின் பிளாக்லயும் இன்னொண்ணை பேட்டரி மைனஸ்லயும் வச்சா எவ்வளவு? கடைசியில சொன்னது 0.2 வோல்டைத் தாண்டக்கூடாது, தாண்டினா எர்த் வயர் அரிச்சுப் போயிருக்கு. ஓபிடி ரீடர் (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) மாட்டி நிஜ டெம்பரேச்சரையும் எழுதுங்க. இந்த மீட்டர் முள்ளு சின்ன ஏற்ற இறக்கத்தைக் காட்டாது, நம்மளை நிம்மதியா வச்சிருக்கறதுக்காக நடுவுலயே நிக்கும்.

கொதிக்கிறப்போ மூடியைத் திறந்துடாதீங்க. உள்ள பிரஷர்ல இருக்கிற தண்ணி 110லயும் கொதிக்காம இருக்கும், திறந்த நொடியில மொத்தமா பொங்கி முகத்துல அடிக்கும். என் இடது முழங்கையில தழும்பு இருக்கு.

ரியாத்_ராஜபாளையம் எழுதியது:

மேஸ்திரி சொன்னதுல ஒரு சேர்ப்பு. கீழ சொட்டாம கூலண்ட் காணாமப் போனா வேலி பேன் கேஸ்கெட்டையும் சந்தேகப்படணும். ரெண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவுல பள்ளத்துல இருக்கிற மூடி அது. கசிஞ்சா வாட்டர் பம்புக்குப் பின்னாடி வரும், இல்லேன்னா எஞ்சின் பின்பக்கமா இறங்கும். இறங்கற வழியிலயே காய்ஞ்சுடும். எனக்கு அதுதான் இருந்தது, கண்டுபிடிக்க எட்டு மாசம்.

கம்ப்ரஸரையும் உடனே மன்னிச்சு விட்டுடாதீங்க. ராத்திரி நிறுத்தின வண்டி காலையில ஒரு மூலையில தாழ்ந்திருந்தா சஸ்பென்ஷன்ல இருக்கிற காத்துப் பை கசியுது. கம்ப்ரஸர் ஓய்வில்லாம ஓடித்தான் தீரும்.

தென்காசி_ஷார்ஜா எழுதியது:

மேஸ்திரி அண்ணாச்சி, ராஜபாளையத்தார், ரெண்டு பேருக்கும் நன்றி. கோடை காலத்துல எங்க சைட்ல 12:30 முதல் 3 வரைக்கும் வெயில் வேலைக்குத் தடை. அந்த நேரத்துல பையன்களெல்லாம் கன்டெய்னர்ல படுத்திருக்க, நான் ஷெட்டுக்கு அடியில பானட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னேன். வெளிய 46 டிகிரி. டெஸ்டுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஃபேனைச் சுத்தி விட்டேன். சீலிங் ஃபேன் அணைச்ச பிறகு சுத்துமே, அப்படி சாவகாசமா சுத்திட்டு நின்னது. கராஜ்ல ரேடியேட்டரைக் கழட்டணும்னா இந்த ஃபேனைக் கழட்டித்தான் ஆகணும். கையில பிடிச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியலையேன்னுதான் ஆத்திரம்.

வோல்டேஜ்: ஆறின எஞ்சின்ல 14.1. முப்பத்தஞ்சு நிமிஷம் ஐடில்ல ஏசியோட விட்டதும் 12.7. அந்த இடத்துலதான் 'சஸ்பென்ஷன் இன்ஆக்டிவ்' வந்தது, என் கண்ணு முன்னாடி, வண்டி அசையாம நிக்கும்போதே. பிளாக்குக்கும் மைனசுக்கும் நடுவுல 0.55. ஓபிடியில ஹைவேல 99. ஐடில்ல 113 வரைக்கும் முள்ளு நடுவுலயே நின்னது, அசைய ஆரம்பிச்சப்போ 118. இத்தனை நாளா நான் அந்த முள்ளை நம்பிக்கிட்டு 'இப்பத்தான் சூடாகுது'ன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

நீல மருந்தை ஒரு தெரிஞ்ச கடையில இரவல் வாங்கி இருபது நிமிஷம் இழுத்தேன். நீலம் நீலமாவே இருந்தது. போட்டோ எடுத்து வீட்டுக்காரிக்கு அனுப்பினேன். "என்ன பாட்டில் அது?"ன்னு கேட்டா.

வண்டி ஒரு மூலையிலயும் தாழல. டேப் வச்சு நாலு வீல் ஆர்ச்சையும் ராத்திரியும் காலையும் அளந்தேன், ஒரே அளவு.

கசிவுக்கு டார்ச்சும் பல் டாக்டர் கண்ணாடியும் வச்சு அரை மணி நேரம். ஆல்டர்னேட்டர் கூட்டோட அடி விளிம்புல நீலம் கலந்த வெள்ளைப் படிவு, உப்பளத்துல வரப்போரம் பூத்திருக்குமே, அந்த மாதிரி. கீழே இருக்கிற பிளாஸ்டிக் தட்டுக்கு மேலயும் அதே பூப்பு. அட்டைப்பெட்டி ஏன் நனையலைன்னு இப்பப் புரிஞ்சுது. சூட்டுல ஆவியாகிட்டு, மிச்சம் தட்டுல நின்னிருக்கு.

மஸ்கட்_மேஸ்திரி எழுதியது:

அப்ப வியாதி தெரிஞ்சுபோச்சு. வரிசை முக்கியம். ஃபேன் கப்ளிங் முதல்ல. நட்டு 32, இடது மரை, மத்த நட்டைக் கழட்டற பக்கம் சுத்தினா இறுகும், இதுல நிறைய பேர் வாட்டர் பம்ப் புல்லியையே உடைச்சிருக்காங்க. அப்புறம் ஆல்டர்னேட்டரை வெளிய எடுத்து கூட்டு கேஸ்கெட்டைப் புதுசா போடுங்க. பழசைத் துடைச்சு சிலிக்கான் தடவி மாட்டுறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, உள்ள உதிர்ற சிலிக்கான் எங்க போய் அடைக்கும்னு யாருக்கும் தெரியாது. வெளிய எடுத்த கையோட பிரஷ், ரெகுலேட்டர் பார்த்துடுங்க. கண்ணாடியை வச்சு ராஜபாளையத்தார் சொன்ன வேலி பேனையும் பாருங்க, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க அதுதான் நல்ல சமயம். எஞ்சின் எர்த் வயரை மாத்துங்க, முனையில பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்புல முடுக்குங்க.

கூலண்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. ஹீட்டரை ஃபுல்லா திறந்து வச்சு காத்தெல்லாம் போற வரைக்கும் ஓட விடுங்க. பேட்டரி கழட்டி மாட்டின பிறகு எச்டிசி விளக்கு எரிஞ்சா பயப்படாதீங்க, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு தடவை திருப்பினா போயிடும்.

தென்காசி_ஷார்ஜா எழுதியது:

பன்னிரண்டு நாள் ஆச்சு. எழுதாம இருந்தது வேணும்னேதான், வெயில்ல ஓட்டிப் பார்க்காம பெருமை பேச வேண்டாம்னு.

வேற கராஜ், ஒரு மலையாளி, பட்டியலைக் குடுத்து இதை மட்டும் பண்ணுங்கன்னேன். கப்ளிங், கேஸ்கெட், ரெகுலேட்டரோட பிரஷ், எர்த் வயர், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,740 திர்ஹாம். பிரஷ் ரெண்டுல ஒண்ணு தேய்ஞ்சு மொச்சைக்கொட்டை அளவுதான் மிச்சம் இருந்தது. வேலி பேன் காய்ஞ்சிருக்கு, இப்போதைக்கு.

நேத்து ஆறு மணிக்கு அல் இத்திஹாத் ரோடு, முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன். ஓபிடி 104ஐத் தாண்டல. வோல்டேஜ் 13.8. ஒரு எழுத்தும் வரல. புது ஃபேன் சூட்டுல லாரி மாதிரி இரையுது, முன்னாடி இந்தச் சத்தம் இல்லையேன்னு கொஞ்சம் பதறிட்டேன். முன்னாடி இருந்திருக்கணும் போல.

மணல்பிரியன் எழுதியது:

அப்ப வெள்ளிக்கிழமை டெசர்ட்டுக்கு, ஃபாஸில் ராக் பக்கம் வர்றீங்களா? கயிறு எதுக்கும் நான் எடுத்துட்டு வர்றேன்.

தென்காசி_ஷார்ஜா எழுதியது:

முதல்ல பாசிங் முடியட்டும் தம்பி. செவ்வாய்க்கிழமை போறேன். டிரைவர் பக்கக் கண்ணாடி பாதியில நின்னுக்கிட்டு இருக்கு, அதை அதுக்குள்ள மேல ஏத்தணும்.