மாத வாடகைப் பெட்டியா, சொந்த ரெக்கார்டரா?

செந்தூல் குமரன்:

வணக்கம். இங்கே மலேசியாவில், கோலாலம்பூரில் இருக்கிறோம். வீட்டில் டிஷ் போட்டு மாதக் கட்டணம் கட்டித்தான் டிவி பார்க்கிறோம். டிஷ் சேனலைத் திறந்து டிவிக்குக் கொடுக்கிற டிக்கோடர் பெட்டிக்கு வயசாகிவிட்டது, மாற்ற வேண்டும். கம்பெனியில் கேட்டால் ரெக்கார்டிங் வசதியோடு புதுப் பெட்டி தருவார்களாம். பேக்கேஜ் காசுக்கு மேல் மாதம் 15 வெள்ளி (ரிங்கிட்), 24 மாத ஒப்பந்தம். ஆக 360 வெள்ளி கட்டி முடித்த பிறகும் பெட்டி நம்முடையது கிடையாது, சந்தாவை நிறுத்தினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் காசுக்கு லோயாட் பிளாசா மின்னணுக் கடைகளில் சொந்தமாகவே ஒரு ரெக்கார்டர் எடுத்துவிடலாம், வாடகை கட்டுவது வீண் என்று என் தம்பி ஒரே பிடியாக நிற்கிறான்.

எங்கள் தேவை ரொம்பப் பெரிசு இல்லை. அம்மாவுக்கு ராத்திரி சீரியல், ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விடுவார், அன்றைக்குத்தான் கதையில் ஏதாவது நடக்குமாம். அப்பாவுக்கு அதே நேரத்தில் செய்தி. இதற்கு நடுவில் இன்னொன்று: அக்கா மகளின் நடனக் குழு டிவி2 என்ற அரசு இலவசச் சேனலில் வரப்போகும் ஒரு தீபாவளி நிகழ்ச்சியில் ஆடியிருக்கிறது. அது ஒளிபரப்பாகும்போது பிடித்து, அழியாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அக்கா இப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

யூடியூப்பில் பார்த்தால் அமெரிக்காவில் டிவோ என்று ஒரு பெட்டியைக் கடையில் வாங்கி, கேபிள் வயரை அதில் சொருகி, கம்பெனிப் பெட்டியே இல்லாமல் எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள். இங்கே அப்படி ஏதும் இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், காசைப் போட்டுவிட்டு முழிக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

பிறை வயர்மேன்:

தம்பி, உங்கள் தம்பி போட்ட கூட்டல் சரிதான், ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு. அம்மா பார்க்கிற சேனல் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது? டிஷ் வழியாக வருகிறது என்றால், அது பூட்டிய நிலையில் வருகிறது. பூட்டைத் திறக்கிற சாவி கம்பெனிப் பெட்டியிலும் அதற்குள் இருக்கும் ஸ்மார்ட் கார்டிலும்தான் இருக்கிறது. அந்தக் கார்டை உருவி கடையில் வாங்கிய ரெக்கார்டரில் சொருகினால் ஒன்றும் வராது. லோயாட் முழுக்கச் சுற்றினாலும் கட்டணச் சேனலைத் தானாகத் திறந்து பதிவு செய்கிற பெட்டி சட்டப்படி கிடைக்காது. அதனால் அம்மாவின் சீரியலுக்கு வாடகையா சொந்தமா என்ற கேள்வியே எழாது, அங்கே இருப்பது ஒரே வழி.

"டிக்கோடரின் எச்டிஎம்ஐ வயரை ரெக்கார்டரில் சொருகிப் பிடிக்கலாமே" என்று கடைக்காரர் யாராவது சொல்லுவார். எச்டிஎம்ஐயில் எச்டிசிபி என்று ஒரு காப்புப் பூட்டு உண்டு, பதிவுக் கருவி எதையாவது நடுவில் வைத்தால் திரை கறுப்பாகிவிடும். பழைய பெட்டிகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் இருக்கிறதே, அதன் வழியாகப் பிடிக்கலாம். ஆனால் படம் பழைய டிவிடி தரத்தில்தான் வரும், அதுவும் டிக்கோடர் அந்த நேரத்தில் அந்தச் சேனலில் நின்றுகொண்டிருக்க வேண்டும். அப்பா செய்திக்கு மாற்றினார் என்றால் அம்மாவின் சீரியலில் செய்தி வாசிப்பாளர்தான் பேசிக்கொண்டிருப்பார்.

டிவோ கதை வேறு. 1999இல் வந்த பெட்டி அது. பிற்பாடு அங்கே கேபிள் கம்பெனிகள் கேபிள்கார்டு என்ற அட்டையைத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும், அதை வாடிக்கையாளர் தன் சொந்தப் பெட்டியில் சொருகிக்கொள்ளலாம் என்று எஃப்சிசி என்ற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விதி போட்டது, அந்த விதியால்தான் சொந்தப் பெட்டி அங்கே ஓடியது. 2020இல் அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். இன்னொன்று, அது கேபிளுக்கு மட்டும்தான், அமெரிக்காவிலேயே டிஷ் வைத்திருந்தவர்களுக்குக் கேபிள்கார்டு உதவவில்லை. பெட்டியை வாங்கியதோடும் முடியவில்லை, நிகழ்ச்சி அட்டவணைக்கு டிவோவுக்குத் தனியாக மாதச் சந்தாவோ மொத்தமாக ஒரு தொகையோ கட்ட வேண்டியிருந்தது. யூடியூப் வீடியோவில் அதை யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள்.

டிவி2 மட்டும் முழுக்க வேறு விஷயம். 2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நாடு முழுக்க நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு இலவசச் சேனல்கள் எல்லாம் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில், ஆண்டெனா வழியாகத்தான் வருகின்றன. அந்தச் சேவைக்குப் பெயர் மைஃப்ரீவியூ. பூட்டும் கிடையாது, மாதக் கட்டணமும் கிடையாது. நூறு வெள்ளி சொச்சத்துக்குப் பெட்டி, ஒரு யுஎச்எஃப் ஆண்டெனா, யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான். பதிவு உங்களுடையது, யாரும் வந்து பிடுங்க முடியாது.

கம்போங் பாண்டான் பையன்:

இவ்வளவு ஏன் மண்டையைக் குழப்பிக்கொள்கிறீர்கள், பாசார் மாலாமில், அதுதான் இரவுச் சந்தையில், ஆண்ட்ராய்டு பாக்ஸ் விற்கிறார்கள், ஒரு தடவை காசு கொடுத்தால் எல்லாச் சேனலும் ஃப்ரீ. சீரியலைப் பின்னோக்கி ஓட்டியும் பார்க்கலாம். நிறைய வீட்டில் அதுதான் ஓடுகிறது லா.

பிறை வயர்மேன்:

வேண்டாம் தம்பி. 2022இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். திருட்டு ஸ்ட்ரீமிங் வசதியை விற்பவருக்கும் பொருத்திக் கொடுப்பவருக்கும் 10,000 வெள்ளியிலிருந்து 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், 20 வருஷம் வரை சிறையும் உண்டு. நான் பொருத்திக் கொடுக்கிற தொழிலில் இருப்பவன், எனக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சர்வரை ஒருநாள் மூடிவிட்டால் விற்றவர் எந்தச் சந்தையில் கடை போட்டிருக்கிறார் என்று தேடிக்கொண்டு போவீர்களா?

ஜெலுத்தோங் ராஜி:

வயர்மேன் அண்ணன் சொன்னதோடு நானும் கொஞ்சம் சேர்க்கிறேன், எங்கள் வீட்டில் இரண்டுமே இருக்கிறது. குமரன், வாடகைப் பெட்டியை எடுத்தவுடனே திட்டாதீர்கள். நம் ஊரில் இடி விழுகிற விழுக்கு பெட்டி எரிந்துபோவது சாதாரணம், கோலாலம்பூரில் கேட்கவே வேண்டாம். வாடகைப் பெட்டி எரிந்தால் போன் போட்டால் மாற்றித் தருவார்களா, இல்லை அதற்கும் தனி பில் வருமா என்று ஒப்பந்தத் தாளில் முதலில் பாருங்கள். இலவசமாக மாற்றுவார்கள் என்றால் அந்த 15 வெள்ளியில் பாதி அதற்கே போச்சு என்று வைத்துக்கொள்ளலாம். சொந்தப் பெட்டி எரிந்தால் எரிந்ததுதான். எதுவானாலும் திடீரென்று எகிறும் மின்சாரத்தைத் தடுக்கிற சர்ஜ் காப்புள்ள பிளக் பாயிண்ட் ஒன்று வாங்கிவிடுங்கள், மழை இருட்டிக்கொண்டு வந்தால் டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள்.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. டிஷ் சிக்னல் கேயு பேண்ட் என்ற உயர் அலைவரிசையில் வருகிறது, கனமழை அதை அப்படியே விழுங்கிவிடும். சாயங்காலம் கொட்டுகிற நேரத்தில் உள்ளே ஹார்ட் டிஸ்க் வைத்த பெட்டி சமர்த்தாகப் பதிவு செய்துகொண்டே இருக்கும், ராத்திரி வந்து போட்டுப் பார்த்தால் நாயகி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பாள், அதற்குப் பிறகு வெறும் கறுப்பு. அதனால் புதுப் பெட்டி எங்கே பதிவு செய்கிறது என்று கேளுங்கள். 2019 கடைசியில் டிஷ் கம்பெனி ஆஸ்ட்ரோவின் அல்ட்ரா பாக்ஸ் வந்ததிலிருந்து கிளவுட் ரெக்கார்டிங் என்று ஒன்று இருக்கிறது. பதிவு அவர்கள் பக்கம் நடப்பதால் உங்கள் கூரை மேல் மழை கொட்டினாலும் கெடாது, ஆனால் இன்டர்நெட் நன்றாக இருக்க வேண்டும். சந்தாவை நிறுத்தினால் பதிவுகளும் போய்விடும். உள்ளே டிஸ்க் வைத்த பெட்டியும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் ஓடாது. சீரியலுக்கு அது போதும், யார் சீரியலைப் பத்து வருஷம் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

பிள்ளை ஆடுகிற நிகழ்ச்சிக்கு அது சரிப்படாது. அதற்குச் சொந்த மைஃப்ரீவியூ பெட்டிதான். வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு தம்ப் டிரைவைக் கொடுத்து அங்கேயே இரண்டு நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் போட்டுத் திறந்து பாருங்கள். நான் பார்த்த மலிவுப் பெட்டிகள் டிஎஸ் என்ற வகை வீடியோ ஃபைலாகத்தான் எழுதுகின்றன, தொல்லை இல்லாமல் ஓடும். டிவியிலேயே டிவிபி-டி2 இருக்கிறது, அதிலேயே யுஎஸ்பி ரெக்கார்டிங்கும் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டால் அங்கே ஒரு கண்ணி உண்டு: பெரிய பிராண்டு டிவிகள் பல, அந்தப் பதிவை அந்த ஒரே டிவியோடு பூட்டிவிடும். டிவி போனால் ஆட்டமும் போச்சு.

பட்டர்வொர்த் ஓய்வாளர்:

டிவி2வை நடத்துகிற அரசு ஒளிபரப்பு நிறுவனம் ஆர்டிஎம்முக்கு ஆர்டிஎம் கிளிக் என்று ஒன்று இருக்கிறதே, போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம், போன நிகழ்ச்சிகளையும் போடுகிறார்கள். ரெக்கார்டரே எதற்கு?

ஜெலுத்தோங் ராஜி:

ஐயா, பார்ப்பதற்கு அது அருமை, நானும் செய்தி அதில்தான் பார்க்கிறேன். ஆனால் எந்த நிகழ்ச்சி எத்தனை நாள் அங்கே இருக்கும் என்பது நம் கையில் இல்லை. இந்த அக்காவுக்கு அது கல்யாண ஆல்பம் மாதிரி, வீட்டில் இருந்தால்தான் நிம்மதி.

செந்தூல் குமரன்:

எல்லோருக்கும் நன்றி. இப்போது தெளிவாகிவிட்டது. சீரியலுக்கு வாடகைப் பெட்டி, ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இடி விழுந்தால் என்ன, 24 மாதத்துக்கு நடுவில் நிறுத்தினால் என்ன என்று இரண்டையும் எழுத்தில் கேட்கப் போகிறேன். டிவி2வுக்குத் தனியாக மைஃப்ரீவியூ பெட்டி. தம்பிக்கும் பாதி வெற்றி என்று சொல்லிவிட்டேன், அவன் முழு வெற்றி என்கிறான்.

இன்னும் இரண்டு சந்தேகம். அந்தச் சின்னப் பெட்டியில் ஒன்றைப் பதிவு செய்துகொண்டே அப்பா வேறு சேனல் பார்க்கலாமா? பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 500 ஜிபி டிஸ்க் இருக்கிறது, யுஎஸ்பி உறை வாங்கிப் போட்டால் போதுமா? நாங்கள் இருப்பது பிளாட், கூரையில் ஆண்டெனா வைக்க விட மாட்டார்கள்.

பிறை வயர்மேன்:

மலிவுப் பெட்டியில் அலைவரிசையைப் பிடிக்கிற ட்யூனர் ஒன்றுதான் இருக்கும். ஆனால் டிஜிட்டலில் ஒரே அலைவரிசைக்குள் பல சேனல்களை ஒன்றாகக் கட்டி அனுப்புகிறார்கள், அதனால் பதிவாகும் சேனலோடு அதே கட்டில் வருகிற மற்றதைப் பார்க்க முடியும், வேறு கட்டில் இருப்பதற்குப் போக முடியாது. பெட்டி தானாக அந்தப் பட்டியலைக் காட்டும். எப்படியும் அப்பா செய்தியை டிஷ் பெட்டியில் பார்த்துக்கொள்ளட்டும், இதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

500 ஜிபி தாராளம். எச்டி சேனல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2லிருந்து 3 ஜிபி வரை பிடிக்கும். டிஸ்கை எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்தால் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது, இரண்டு மணி நேர நிகழ்ச்சியைத் துண்டு துண்டாக வெட்டும். பெட்டி என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறையை ஏற்குமானால் அதில் போடுங்கள். முக்கியமானது கரண்ட்: யுஎஸ்பி 2 துளை கொடுப்பது அரை ஆம்பியர், பழைய டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது அதற்கு மேல் இழுக்கும். டிக் டிக் என்று சத்தம் வந்து பெட்டி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனால் காரணம் அதுதான். தனி அடாப்டர் உள்ள உறையாக வாங்கிவிடுங்கள், வம்பே இல்லை.

டைமர் போடும்போது ஐந்து நிமிடம் முன்னால் தொடங்கி, முடிவில் அரை மணி நேரம் கூடுதலாக விடுங்கள், பண்டிகை நிகழ்ச்சி சொன்ன நேரத்தில் முடியாது. பெட்டியின் கடிகாரம் நம் நேரத்தைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். தீபாவளிக்கு முன்னால் ஏதாவது தமிழ்ச் செய்தியை வைத்து ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

ஆண்டெனா பிரச்சினை இல்லை. உங்கள் பக்கம் சிக்னல் கெந்திங்கில் இருக்கிற உலு காளி மலையிலிருந்து வருகிறது. எங்கள் வடக்குப் பக்கத்தில் பலர் குனோங் ஜெராய் மலையைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள், அதே மாதிரிதான். வடகிழக்கு பார்த்த ஜன்னல் இருக்கிறதா?

செந்தூல் குமரன்:

சமையலறை ஜன்னல்தான் அந்தப் பக்கம், வெயில் நாளில் மலையே தெரியும். ஆனால் டிவி ஹாலில் இருக்கிறது.

பிறை வயர்மேன்:

மலை தெரிந்தால் சின்ன உள்வீட்டு ஆண்டெனாவே போதும். ஜன்னலில் வைத்து ஆர்ஜி6 என்ற ஆண்டெனா வயரை ஹாலுக்கு இழுங்கள், ஒரே நீளமாக, நடுவில் ஒட்டுப்போடாமல். ஜன்னல் கம்பியில் படாமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சேனல் ஸ்கேன் செய்யும்போது சிக்னல் தரம் என்று ஒரு பட்டை காட்டும், பலத்தைப் பார்க்காதீர்கள், தரத்தைப் பாருங்கள். அது ஆடாமல் நின்றால் வேலை முடிந்தது.