மாடு சாகவில்லையே

குழு: காட்டுவலசு சொந்தங்கள்

கார்த்தி: வெள்ளிக்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பதற்காக, வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி நோயால் ஏற்பட்ட இழப்பை நாளைக் காலைக்குள் எழுதித் தருமாறு பால் சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார். நம் வீட்டுக்கு எவ்வளவு என்று எழுதட்டும்?

பழனிசாமி: மாடு எதுவும் சாகவில்லையே. ஒன்றுமில்லை என்று எழுதிவிடு.

கோமதி: கன்று செத்தது உங்கள் கணக்கில் வராதா, தம்பி? வாயில் ஒரு புண்கூட இல்லாமல், பால் குடித்துக்கொண்டிருந்தது அப்படியே சாய்ந்துவிட்டது.

சுப்பிரமணி: அக்கா, நோய் கண்ட தாயின் பாலைக் குடிக்கும் இளங்கன்றுக்குக் கிருமி நேராக இதயத் தசையைத் தாக்கும், அதனால் புண் தெரியாமலே செத்துவிடும். கார்த்தி, செத்ததை மட்டும் எண்ணுவதுதான் இந்தக் கணக்கில் நெடுநாளாக இருக்கும் குறை. 2022-இல் தோல் கழலை நோய் பரவியபோது நாடு முழுவதும் ஒன்றரை லட்சம் மாடுகளுக்கு மேல் இறந்தன என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள்; நோய் கண்டு பிழைத்த லட்சக்கணக்கான மாடுகளில் பால் வற்றியதும் சினை கலைந்ததும் பேச்சில் அடிபடவே இல்லை. கோமாரியில் வளர்ந்த மாடு சாவது அரிது என்பதால், இங்கே அந்தக் குறை இன்னும் பெரிது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தாரும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் கால்நடை நோய்ச் சுமை ஆய்வில், நோயே வராதிருந்தால் மாடு என்ன கொடுத்திருக்கும் என்று முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இப்போது கொடுப்பதைக் கழித்து, மருந்துக்கும் தடுப்புக்கும் ஆன செலவைக் கூட்டுகிறார்கள்.

பழனிசாமி: மாமன் பாடம் தொடங்கிவிட்டார்.

கார்த்தி: அப்படியானால் செவலை மாடு நாளுக்கு 11 லிட்டர் கறந்தது, இப்போது 3 லிட்டர். சங்கத்து விலை 35 ரூபாய், ஊக்கத்தொகை 3 ரூபாய். 8 லிட்டர் குறைவுக்கு நாளொன்றுக்கு 304 ரூபாய், 20 நாளுக்கு 6,080 ரூபாய்.

சுப்பிரமணி: அதில் மாடு தின்னாமல் விட்ட புண்ணாக்கின் விலையைக் கழிக்க வேண்டும். இழப்பைக் கூட்டிச் சொன்னால் அதிகாரி எதையுமே நம்பமாட்டார்.

கோமதி: தின்னாத மாட்டுக்குக் கம்மங்கூழ் காய்ச்சி ஊட்டியது யார்? சீரகம், வெந்தயம், மிளகு ஊறவைத்து, மஞ்சளும் பூண்டும் சேர்த்தரைத்து, நாட்டுச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் பிசைந்து, நாளுக்கு மூன்று வேளை நாக்கில் தடவியதற்கு எந்த வரியில் கூலி எழுதுவீர்கள்?

செல்வி: குளம்புப் புண்ணைக் கழுவுவதற்காக நான் கல்லூரிக்குப் போகாமல் இருந்ததையும் எழுதச் சொல்லுங்கள், மாமா.

சுப்பிரமணி: அதையெல்லாம் எழுதத்தான் வேண்டும், கண்ணு. வீட்டுப் பெண்களின் உழைப்புக்குச் சந்தை விலை இல்லை என்பதால் அது பெரும்பாலான கணக்குகளில் விடுபட்டுப்போகிறது. அடுத்த சினை தள்ளிப்போவதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சினைப்பருவம் தவறினால், அடுத்தது வர 21 நாள் போகும். கோமாரி நிலைத்துவிட்ட நாடுகளில் பால், இறைச்சி இழப்பும் தடுப்பூசிச் செலவுமாக ஆண்டுக்கு 650 கோடி முதல் 2,100 கோடி டாலர் வரை ஆகிறது என்று 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

பழனிசாமி: அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் நம் தாலுகாவையே வாங்கிவிடலாமே.

சுப்பிரமணி: இடைவெளி அவ்வளவு இருப்பதற்குக் காரணமே, கட்டுத்தரையில் யாரும் எழுதி வைக்காததுதான்.

தங்கவேல்: சந்தையில் பிடித்த மாட்டைத் தனியாகக் கட்டாமல், பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டியவன் பெயரையும் எழுதுவார்களா?

பழனிசாமி: அண்ணா, பாகம் பிரித்தபோது எனக்குத் தனித் தொட்டி கொடுத்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகப் போடும் தடுப்பூசிக்கு மருத்துவர் வந்த அன்று, பால் குறையும் என்று மாட்டைத் தோட்டத்துக்கு ஓட்டிவிட்டது யார்?

கோமதி: சண்டையை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். காதுகுத்துக்குப் பிடிக்கப்போகும் கிடாயைச் சொல்லுங்கள். ஆட்டுக்கும் இது ஒட்டுமல்லவா?

சுப்பிரமணி: ஒட்டும், அக்கா. ஆட்டில் புண் வெளியே தெரியாமலும் இருக்கும். இப்போது சந்தையில் பிடிப்பது சரியில்லை.

தங்கவேல்: பத்திரிகை அடித்தாகிவிட்டது, மாப்பிள்ளை. கறிக்கடையில் சொல்லிக்கொள்ளலாம்.

பழனிசாமி: கறிக்கடைக் கறியைப் போட்டுச் சம்பந்தி வீட்டாரை உட்காரவைக்க முடியுமா? நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோமதி: நீங்கள் பார்த்துத்தான் இவ்வளவும் வந்தது.

கார்த்தி: படிவத்தில் மாட்டின் காது வில்லை எண்ணும், இறந்த மாடுகளின் எண்ணிக்கையும் மட்டுமே இருக்கின்றன. மற்றவற்றைத் தனித்தாளில் எழுதி இணைக்கிறேன். மருந்துக்காக அம்மா வளையலை அடகு வைத்த வட்டியைச் சேர்க்கட்டுமா?

தங்கவேல்: வளையல் அடகில் இருக்கிறதா?

கோமதி: கார்த்தி, அதைக் குழுவில் போடாதே என்று சொல்லியிருந்தேன்.

சுப்பிரமணி: வட்டியைக் கட்டாயம் சேர்.

கார்த்தி: கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி என்று ஒரு கட்டமும் இருக்கிறது, அப்பா. அதில் என்ன எழுதுவது?

தங்கவேல்: அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.