சட்டைப்பையில் வைக்கும் குறிப்பேடு: அளவு, கட்டு, தாள் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ஓரக்குறிப்பு

அனைவருக்கும் வணக்கம். இயந்திரங்களைப் பார்வையிட்டுப் பழுதுகளைக் குறித்துவைப்பது என் வேலையின் பெரும்பகுதி என்பதால், மேசை இல்லாத இடங்களில் நின்றுகொண்டே எழுத வேண்டியிருக்கிறது. கைப்பேசியில் குறித்துக்கொள்ளலாமே என்று உடன் பணிபுரிவோர் சொல்கிறார்கள். ஆனால் எண்ணெய் படிந்த விரலுக்குத் தொடுதிரை இணங்குவதில்லை. ஒரு பாகத்தின் படத்தை வரைந்து அளவு குறிக்கும் வேகமும் அதில் வருவதில்லை. எனவே எப்போதும் சட்டைப்பையிலேயே இருக்கக்கூடிய குறிப்பேடு ஒன்றைத் தேடுகிறேன். ஏ6, ஏ7 என்று அளவுகளும், ஸ்டேப்ளர் பின் அடித்தது, நூலால் தைத்தது, ஸ்பைரல் என்று கட்டு வகைகளும் இருப்பதால் எதை எடுப்பது என்று புரியவில்லை. மைப்பேனாவில் எழுதுவதே எனக்குப் பழக்கம். அதற்கு எத்தனை ஜிஎஸ்எம் தாள் வேண்டும்? ஏடு நிறைந்த பிறகு, எப்போதோ எழுதிய ஓர் அளவைத் தேடி எடுப்பதும் பெரும்பாடாக இருக்கிறது. அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில்: பின்னட்டை

அளவை உங்கள் சட்டைப்பைதான் முடிவு செய்ய வேண்டும். ஏ6 என்பது 105 × 148 மி.மீ.; பையில் நுழைந்தாலும் குனியும்போது நழுவி விழும் வாய்ப்பு அதிகம். ஏ7 அதில் சரிபாதி, அதாவது 74 × 105 மி.மீ.; பையில் ஒளிந்துகொள்ளும், ஆனால் படம் வரைய இடம் போதாது. ஏறக்குறைய 9 × 14 செ.மீ. அளவில் கிடைப்பவை அகலம் குறைந்தவை என்பதால், இடது உள்ளங்கையில் விரித்துப் பிடித்தபடி வலக்கையால் எழுத வசதியாக இருக்கும். உங்கள் வேலைக்கு அதையே பரிந்துரைப்பேன்.

கட்டு விஷயத்தில்தான் பலரும் போதிய கவனம் செலுத்துவதில்லை. பசை மட்டும் வைத்து ஒட்டிய ஏட்டைப் படிய விரிக்க முயன்றால், முதுகில் வெடிப்பு விழுந்து தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். பின் அடித்த மெல்லிய ஏடு நன்றாக விரியும், உடலின் வளைவுக்கும் ஒத்துப்போகும். ஆனால் அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்தால், மடிப்பின் மறுபுறம் அதனோடு ஒரே தாளாக இருக்கும் இணைத்தாளும் பிடிப்பை இழந்துவிடும். தைத்த ஏட்டிலும் இதே சிக்கல் உண்டு. நீங்கள் பிறருக்கு அடிக்கடி தாள் கிழித்துக் கொடுப்பவர் என்றால், மேற்புறம் ஸ்பைரல் போட்ட ஏடே நல்லது. அதைப் பின்புறமாக முழுவதும் மடித்துவிடலாம், இடக்கையால் எழுதுபவருக்கும் கம்பி இடிக்காது. பக்கவாட்டு ஸ்பைரலை நான் விரும்புவதில்லை. கம்பி நசுங்கிவிட்டால் தாள் புரள மறுக்கும், சட்டை நூலையும் இழுக்கும்.

வாங்கும்போது ஒரு தாளை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். முதுகுக்கு இணையாக எளிதில் வளைந்தால், தாளின் இழைகள் முதுகின் திசையிலேயே ஓடுகின்றன என்று பொருள். அத்தகைய ஏடு விரித்தவுடன் படியும். குறுக்குத் திசையில்தான் எளிதில் வளைகிறது என்றால், பக்கங்கள் விறைத்து எழும்பிக்கொண்டே இருக்கும்.

பதில்: மைக்கூடு

பின்னட்டை சொன்னதை ஏற்கிறேன். தாளைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடைதானே தவிர, மை பரவுமா பரவாதா என்பதை அது சொல்லாது. டோமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாள் 52 ஜிஎஸ்எம் அளவிலேயே மைப்பேனாவைத் தாங்கிப் பெயர் பெற்றது. 100 ஜிஎஸ்எம் தாளிலும் எழுத்தைச் சுற்றி மயிர்க்கால் போல மை படர்வதைப் பார்க்கலாம். தாள் தயாரிக்கும்போது, அது நீரை உறிஞ்சாமல் தடுப்பதற்காகச் சேர்க்கும் பசைப்பொருள் எவ்வளவு நன்றாக ஏறியிருக்கிறது என்பதே முக்கியம். ஆனால் அப்படி நன்றாகப் பதப்படுத்திய தாளில் மை மெதுவாகத்தான் காயும் என்பதால், எழுதியவுடன் ஏட்டை மூடிப் பையில் போட்டால் எதிர்ப்பக்கத்தில் பதிந்துவிடும். நின்றபடி எழுதிவிட்டு உடனே நகர்பவருக்கு இது சிறு தொல்லையல்ல.

சாயத்தால் ஆன மைகளில் பெரும்பாலானவை வியர்வை பட்டால் கரையும். நிறமித் துகள் கலந்த மையும், காற்றுப்பட்டுக் கருக்கும் இரும்பு மையும் நீரைத் தாங்கும். நிறமி மையைப் பேனாவில் காயவிட்டால் மட்டும் அடைத்துக்கொள்ளும். நனையாத பூச்சுத் தாள் கொண்ட ஏடுகளும் உண்டு, ஆனால் அவை தண்ணீரைத் தள்ளும் கையோடு மைப்பேனா மையையும் தள்ளிவிடுவதால், அவற்றில் பென்சிலோ எண்ணெய் மை கொண்ட பால்பாயின்ட் பேனாவோதான் எழுதும். தேய்த்து அழிக்கும் ஜெல் பேனாவை இயந்திரங்களின் அருகே கொண்டுபோகாதீர்கள்: அந்த மை தேய்ப்பதால் உண்டாகும் சூட்டில்தான் நிறமிழக்கிறது, ஆகவே ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் பட்டாலே பக்கம் முழுவதும் வெறுமையாகிவிடும்.

பதில்: பேரேடு

அளவும் தாளும் சரியாக அமைந்தாலும், தேடி எடுக்கும் சிக்கல் அப்படியே இருக்கும். சட்டைப்பை ஏட்டை நிரந்தரப் பதிவாகக் கருதுவதுதான் அதற்குக் காரணம் என்பது என் கருத்து. 1494இல் இத்தாலியக் கணிதர் லூக்கா பாசியோலி வெளியிட்ட கணக்கியல் விளக்கத்தில், வணிகர் மூன்று ஏடுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறார்: நடந்ததை நடந்தபடியே குறிக்கும் நினைவேடு, அதைச் சீராக்கி எழுதும் நாளேடு, இறுதியாக, கணக்கு வாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு. நம் கணக்கர்கள் முதலில் சிட்டை என்ற அன்றாடக் குறிப்பேட்டில் எழுதிப் பேரேட்டுக்கு ஏற்றியதும் இதே முறைதான். உங்கள் பையிலிருப்பது சிட்டை. அதில் கிறுக்கலும் அடித்தலும் இருக்கலாம், ஆனால் அன்றைய பணி முடிந்ததும் நிலைக்க வேண்டியவற்றை வேறிடத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.

நான் செய்வது இவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்தின் மேற்புறமும் தேதியும் பக்க எண்ணும் இடுவேன். இயந்திரத்தின் அளவுகள் அந்த இயந்திரத்துக்கான கோப்புக்கும், செய்ய வேண்டிய வேலைகள் பணிப் பட்டியலுக்கும் போகும். ஏற்றிய குறிப்பின் மீது குறுக்குக்கோடு விழும். கோடு விழாத குறிப்பு இன்னும் கடன் என்று பொருள். கடைசிப் பக்கத்தில் இயந்திரத்தின் பெயரையும் பக்க எண்ணையும் மட்டும் எழுதிவந்தால், அதுவே பொருளடக்கமாகிவிடும். ஏட்டின் முதுகில் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் எழுதி அடுக்கிவைத்தால் போதும். அட்டவணை, வண்ணக் குறியீடு என்று இதற்குமேல் போகிறவர்கள் சில வாரங்களில் ஏட்டையே கைவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஓரக்குறிப்பு

மூவருக்கும் நன்றி. 9 × 14 அளவில், பின் அடித்த ஏடு ஒன்றை முதலில் எடுக்கப்போகிறேன். மைக்கூடு ஐயாவிடம் ஒரு கேள்வி: கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போது மைப்பேனா இடையிடையே எழுத மறுக்கிறதே, அது பேனாவின் குறையா?

மைக்கூடு

பேனாவின் குறையல்ல. தாளில் எண்ணெய் பட்ட இடத்தில் நீரை அடிப்படையாகக் கொண்ட மை ஒட்டாது. கெட்டியான சீட்டு ஒன்றை ஏட்டுக்குள் வைத்துக்கொண்டு, எழுதும்போது அதை உள்ளங்கைக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே வாருங்கள்; எதிர்ப்பக்கத்தில் மை பதியாமல் தடுக்கவும் அதுவே உதவும். பிசுக்கு அதிகமுள்ள வேலைக்கு 0.7 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 0.5 மி.மீ. முனை, மேசையில்லாமல் அழுத்தி எழுதும்போது எளிதில் ஒடிந்துவிடும்.