அளவை இரட்டிப்பாக்கினால் கேக் நடுவில் அமுங்குகிறதே, ஏன்?

கேள்வி: அரைக்கரண்டி

வீட்டில் ஏழு பேர். புதுசா எந்தக் குறிப்பை எடுத்தாலும் அது மூணு, நாலு பேருக்கான அளவாகத்தான் இருக்கிறது. இரட்டிப்பாக்கினால் சிலது சரியாக வருகிறது, சிலது சொதப்புகிறது.

கேக் குறிப்பு இது: மைதா 1 கப், சர்க்கரை முக்கால் கப், வெண்ணெய் 100 கிராம், முட்டை 2, பால் கால் கப், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன். 6 அங்குல வட்ட டின், 180 டிகிரி, 35 நிமிடம். இந்த அளவில் செய்தால் பிரச்சினையே இல்லை. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி, நன்றாக உப்பட்டும் என்று அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் சேர்த்து 7 அங்குல டினில் வைத்தால், மேலே கரும்பழுப்பாகி வெடிக்கிறது. 45 நிமிடத்தில் வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் நடு அமுங்குகிறது. அடியில் களி மாதிரி ஒரு படலம், லேசாக சோப்பு வாடை வேறு.

காளான் குடைமிளகாய் வதக்கலும் இரட்டிப்பில் தண்ணீர் விட்டு வெந்த காய் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் பாஸ்தாவுக்கான வெள்ளை சாஸ் மட்டும் இரட்டிப்பிலும் நன்றாக வருகிறது, கொஞ்சம் நீர்த்திருக்கிறது, அவ்வளவுதான். என்ன வித்தியாசம்?

பதில் 1: மாவுச்சல்லடை

முதலில் டின் கணக்கு. வட்ட டினின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6 அங்குல டினின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம், 7 அங்குலம் 38, 8 அங்குலம் 50, 9 அங்குலம் 64. மாவு இரட்டிப்பானால் 56 வேண்டும். நீங்கள் வைத்தது 38. அதாவது மாவின் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சூடு ஓரத்திலிருந்தும் மேலிருந்தும் அடியிலிருந்தும்தான் நடுவுக்குப் போக வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள் மேல்பக்கம் கெட்டியாகிவிடுகிறது, உள்ளே இன்னும் உப்பிக்கொண்டிருக்கும் மாவு அதைப் பிளந்துகொண்டு வருகிறது. வெடிப்பு அப்படி வருவதுதான்.

எப்போது அமுங்கியது என்று பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். அடுப்புக்குள் இருக்கும்போதே அமுங்கினால் சோடா, பேக்கிங் பவுடர் அதிகம், அல்லது பாதியில் கதவைத் திறந்திருக்கிறீர்கள். வெளியே எடுத்த பிறகு அமுங்கினால் நடு வேகவில்லை. உங்களுடையது இரண்டாவது வகை. அடியில் இருக்கும் களிப் படலமும் பெரும்பாலும் அதனால்தான்.

இரட்டிப்பு அளவுக்கு 9 அங்குல டின் எடுங்கள், 175 டிகிரியில் 35 நிமிடத்துக்கு மேல் பார்க்க ஆரம்பிக்கலாம். 8 அங்குலம்தான் இருக்கிறது என்றால் 160 முதல் 165 டிகிரி, 50 நிமிடமோ அதற்குக் கொஞ்சம் மேலோ ஆகும். எந்த டினானாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முக்கால் நேரம் தாண்டும்வரை கதவைத் தொட வேண்டாம். மேலே சீக்கிரம் நிறம் ஏறினால் ஃபாயில் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். குச்சியைச் சரியாக நட்டநடுவில் குத்திப் பாருங்கள். ஓரம் டினை விட்டு லேசாக விலகியிருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் நடு மேலெழ வேண்டும்.

பதில் 2: தராசுமுள்

மேலே சொன்னது சரி. சோடாவைப் பற்றி மட்டும் அவர் விரிவாகச் சொல்லவில்லை. இந்தக் குறிப்பில் தயிர், மோர், எலுமிச்சைச் சாறு என்று புளிப்பு எதுவுமே இல்லை. பேக்கிங் பவுடரில் அதற்குத் தேவையான அமிலம் உள்ளேயே இருக்கிறது, தனிச் சோடாவுக்கு அது வெளியிலிருந்து வர வேண்டும். அமிலம் கிடைக்காத சோடா அப்படியே தங்கிவிடும். சோப்பு வாடைக்கும் கருத்த நிறத்துக்கும் காரணம் அதுதான், சூடு மட்டுமல்ல. 2 கப் மைதாவுக்கு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் தாராளம். பழைய டப்பா என்று சந்தேகம் இருந்தால் அரை டீஸ்பூனை வெந்நீரில் போடுங்கள். உடனே பொங்கி நுரைக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள், அதை ஈடுகட்டச் சோடா சேர்ப்பது வேலைக்கு ஆகாது.

இன்னொன்று, கப். ஸ்பூனால் மைதாவை எடுத்துக் கப்பில் போட்டுத் தட்டாமல் வழித்தால் 1 கப் சுமார் 125 கிராம். கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் 150 வரை போகும். ஒரு கப்பில் இந்த 25 கிராம் தெரியாது. இரட்டிப்பில் 50 கிராம் கூடினால் கேக் கனத்துவிடும். பெரிய அளவு செய்பவர்களுக்கு ஓவனை விட முதலில் வேண்டியது சமையலறைத் தராசு என்பது என் கட்சி.

முட்டை 4 ஆகும்போது குளிர்ச்சியாக ஒரேயடியாகக் கொட்டினால் வெண்ணெய்க் கலவை திரிந்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து முன்பே எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். திரிய ஆரம்பித்தால் அளந்து வைத்த மைதாவில் ஒரு டேபிள்ஸ்பூன் போட்டால் கூடிவிடும். மைதா போன பிறகு பீட்டர் வேண்டாம், கரண்டியால் மடித்துக் கலக்கினால் போதும்.

பதில் 3: அகலவாணலி

கேக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், வதக்கலுக்கு வருகிறேன். காளானில் நூற்றில் தொண்ணூறுக்கும் மேல் தண்ணீர்தான். வாணலி அதே, தீ அதே, காய் மட்டும் இரண்டு மடங்கு. வெளியே வரும் தண்ணீர் ஆவியாகும் வேகத்தை விடச் சேரும் வேகம் அதிகம். அப்புறம் அது வதங்காது, வேகும்.

28 செ.மீ. வாணலியில் ஒரு தடவைக்கு 250 கிராம் காளான், அதற்கு மேல் வேண்டாம். வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய், உடனே காளான். ஒரே அடுக்காகப் பரப்பி, முதல் 2 நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் பழுப்பேறி, சலசலப்புச் சத்தம் படபடவென்று மாறும்போது திருப்பலாம். உப்பு கடைசியில்தான், முதலிலேயே போட்டால் தண்ணீரை இழுத்துவிடும். குடைமிளகாயைத் தனியாக 2 நிமிடம் வதக்குங்கள். முடிவில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரை நிமிடம் பிரட்டினால் சரி.

சாஸ் ஏன் சரியாக வருகிறது? அதைக் கெட்டியாக்குவது மாவு. 1 கப் பாலுக்கு 1 டேபிள்ஸ்பூன் மைதா, 1 டேபிள்ஸ்பூன் வெண்ணெய் என்ற விகிதம் எத்தனை மடங்கிலும் மாறாது. வற்றுவது மட்டும் அதே வேகத்தில் நடக்காது, அதனால்தான் நீர்த்திருக்கிறது. 4 கப் பாலில் அரை கப்பை நிறுத்தி வையுங்கள், கடைசியில் பார்த்துச் சேர்க்கலாம். உப்பு, மிளகு, காரம் எதையும் எடுத்த எடுப்பில் இரட்டிப்பாக்க வேண்டாம். ஒன்றரை மடங்கு போட்டு ருசி பாருங்கள்.

அரைக்கரண்டி

நன்றி. 9 அங்குல டின் என் ஓடிஜிக்குள் (மேஜை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) நுழையாது. இரண்டு 6 அங்குல டின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா?

மாவுச்சல்லடை

டின்களுக்கு நடுவிலும் சுவர்ப் பக்கமும் ஒரு அங்குலமாவது இடைவெளி இருந்தால் வைக்கலாம். முக்கால் நேரம் கழிந்ததும் இடம் மாற்றிவிடுங்கள். இடைவெளி இல்லையென்றால் ஒவ்வொன்றாக வையுங்கள். காத்திருக்கும் டினை மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம், உயரம் கொஞ்சம் குறையும், கெட்டுப்போகாது. மறுபடி கலக்க மட்டும் கூடாது. குளிர்ந்த மாவு என்பதால் அதற்கு 3, 4 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.