மைலேஜ் கூடினால் காற்று சுத்தமாகுமா?

நெடுஞ்சாலை:
மைலேஜ் அதிகம் தரும் கார் காற்றைக் குறைவாகத்தான் கெடுக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். குறைவாக எரித்தால் குறைவாக வரும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

கரித்தூள்:
கார்பன் டை ஆக்சைடு வரைக்கும் உங்கள் கணக்கு சரி. அது பூமியைச் சூடாக்கும் வாயு. ஆனால் சாலையோரம் நடந்துபோகும் குழந்தையின் நெஞ்சில் போய் உட்காருவது நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும். டீசல் கார் மைலேஜில் பெட்ரோலை முந்தும். நைட்ரஜன் ஆக்சைடிலும் முந்தும். 2015-இல் ஃபோக்ஸ்வேகன் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? சோதனையின்போது மட்டும் புகையை அடக்கி வாசிக்கும் மென்பொருள், உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி டீசல் வண்டிகளில். சாலைக்கு வந்ததும் சில வண்டிகள் வரம்பைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கின. மைலேஜில் யாரும் குறை சொல்லாத வண்டிகள் அவை.

நெடுஞ்சாலை:
அது ஏமாற்று வேலை. அதை வைத்து மைலேஜைக் குறை சொல்லாதீர்கள். புதிய டீசல் கார்களில் துகள் வடிகட்டி இருக்கிறதே!

கரித்தூள்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். காற்றைக் காப்பது வடிகட்டியும், புகையிலுள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கன்வெர்ட்டரும். நான் வாங்கிய பழைய பெட்ரோல் காரில், முன்பு வைத்திருந்தவர் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டியிருந்தார். மைலேஜ் துளியும் குறையவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டுப் பின்னால் போய் நின்றால் கண் எரியும், தொண்டை கமறும்.

மழைத்துளி:
கன்வெர்ட்டர் இருந்தாலும் 250, 300 டிகிரி சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். பக்கத்துத் தெருவுக்குப் போய்வர காரை எடுத்தால், அது சூடாவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். அந்தத் தூரத்துக்கு நடக்கலாமே.

நெடுஞ்சாலை:
சரி, ஒன்றை யோசியுங்கள். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் வண்டியை 10 ஆக்கினால் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் மிச்சம். 20-ஐ 40 ஆக்கினால் மிச்சம் இரண்டரை லிட்டர்தான். அதனால் பெட்ரோலைக் குடிக்கும் பழைய வண்டிகளைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அப்புறம், பூமி சூடானால் தரைமட்ட ஓசோனும் கூடும். அதுவும் நுரையீரலைத்தானே தாக்குகிறது?

கரித்தூள்:
தாக்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓசோன் எதிலிருந்து உண்டாகிறது? நைட்ரஜன் ஆக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் வெயிலில் கலந்துதான். பழைய வண்டிகளை முதலில் மாற்ற வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. மாற்றி வாங்கும் வண்டியின் புகை அளவையும் பாருங்கள் என்கிறேன்.

நெடுஞ்சாலை:
அந்த வெறும் குழாய் விஷயம் மனதை உறுத்துகிறது. என் கார் நான்காவது கை. கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கரித்தூள்:
எஞ்சினை ஒட்டியோ வண்டிக்கு அடியிலோ, புகைக்குழாயின் நடுவில் பருத்த உருளை ஒன்று தெரியும். சிலர் உள்ளே இருப்பதை உடைத்தெடுத்துவிட்டு வெறும் கூட்டை விட்டுவைப்பார்கள். அதனால் புகைச் சோதனையும் செய்துவிடுங்கள். எஞ்சின் சூடான பிறகும் கார்பன் மோனாக்சைடு எகிறினால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.